நடக்கிறாள் என்று சொல்லிவந்த வீடு

1. போன வருடம் ஆடிக் கிருத்திகை அன்று, கூட்டத்தால் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. நைனா என் அக்கா எஸ்தரை முதுகில் சுமந்துகொண்டு வீடுவரை நடந்தார். மறுநாள் அவரால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

2. இனிமேல் பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அக்காவைத் தூக்கி பஸ்ஸில் ஏற்ற ஆளில்லை. பொதட்டூர்பேட்டையில் ஒரு தையல் கடையில், கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மணியும் ஜரிகையும் வைக்கும் ஆரி வேலை பார்த்து வந்தாள். அது நின்றது.

3. கால்கள் இரண்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் அரசாங்கத்தில் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். டாக்டர் பார்த்து, குறைபாடு நாற்பது சதவீதமாவது இருப்பதாகச் சொல்ல வேண்டும்.

4. முகாமுக்குப் போனோம். நாற்பதுக்குக் கீழே போட்டார்கள்.

5. ஜெபித்தோம்.

6. கர்த்தர் பதில் கொடுத்தார்.

எதையும் இப்படி வரிசை போட்டு எழுதிப் பழகியவள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்தது வரிசைக்குள் அடங்கவில்லை. அதைத்தான் சபையாராகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே கால்களில் இறுக்கம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்கு வந்த ஒரு ஊழியக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்து, இந்தப் பிள்ளை நடப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘நடக்க முடியாது’ என்ற பேச்சே கிடையாது. அது அவிசுவாசம். யார் கேட்டாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: “நல்லா நடக்குறா, ஸ்தோத்திரம்.” அட்டை வாங்கினால் நடக்கமாட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றுதான் அதுவரை வாங்கவே இல்லை.

முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா அக்காவின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து, விடியற்காலையில் சந்தில் சுவரைப் பிடித்து நடக்கவைத்துப் பழக்கினாள். டாக்டருக்கு முன்னால் பிள்ளை விழுந்துவிடக் கூடாதாம். புதுச் சுடிதாரும் எடுத்தாள். கிறிஸ்துமசுக்குக் கிளம்புவதைப் போலக் கிளம்பினோம். முகாமில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, மேசையிலிருந்து கதவுவரை நடந்து காட்டினாள்.

“பரவால்லியேமா, நல்லா நடக்குறாங்களே” என்றார் டாக்டர்.

“கர்த்தருடைய கிருபைங்க. எல்லா வேலையும் அவளே செஞ்சுப்பா” என்றாள் அம்மா. அவள் முகம் அப்படி மின்னியது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அக்காவால் புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. டாக்டர் தான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எழுதினார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கடுத்த மாதங்கள் எனக்கு இப்போதும் கனவு போலத்தான் இருக்கின்றன. மார்கழி வந்தது. காலையில் ஊரை ஒட்டிய முருகன் மலை காணாமல் போய்விடும். பனிக்குள்ளிருந்து கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு மட்டும் இறங்கி வரும். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும் சத்தம் சுவர் வழியாக மூச்சு விடுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த வேலையும் இல்லாத விரல்களை மடக்கி மடக்கி நீட்டுவாள். நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கண்ணாடியில் வழியும் பனியைப் பார்த்தபடி நான் ஜெபிப்பேன். கேட்பதற்கு வார்த்தை வராது. அக்காவை நடக்கவைக்கச் சொல்லி இத்தனை வருடம் கேட்டோம், அதையே மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சர்க்யூட் போர்டு வேலை செய்யவில்லை என்றால், எந்த இடத்தில் செய்யவில்லை என்று சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒட்டி அனுப்பினால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் அப்படிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் என் ஜெபம் மாறியது. ‘ஆண்டவரே, எங்கள் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு வாயைக் கொடும்.’ அவ்வளவுதான் கேட்டேன். தினமும் அதையே கேட்டேன்.

ஒரு விடியற்காலையில் கனவு கண்டேன். தறிக்குப் பாவு போட்ட நூல்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாக முடிவில்லாமல் நீண்டு கிடக்கின்றன. நடுவில் அக்கா போகிறாள். காற்றில் அவள் துப்பட்டா பறக்கிறது. எப்படிப் போகிறாள் என்று குனிந்து பார்க்கிறேன், தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவள் போகிறாள், அது போதுமாக இருக்கிறது.

காலையில் காபி குடிக்கும்போது அக்காவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள்.

“என் கனவுல நான் ஒரு நாளும் நடந்ததில்ல பாப்பா” என்றாள் அக்கா. “அம்மா கனவுல மட்டும்தான் நடந்துகினு கீறேன் போல.”

அம்மாவின் முன்னால் பால் பொங்கி வழிந்தது.

மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். தை மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வாடகைக் கார் வைத்துப் போனோம். காத்திருக்கும் இடத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சேலை, மலைக்குப் போய் மொட்டை போட்டு நான்கைந்து நாள்தான் ஆகியிருக்கும், தலையில் இன்னும் சந்தனம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் வளர்ந்த மகன்.

“உம் பொண்ணாமா? இன்னா கஷ்டம் அதுக்கு?” என்று கேட்டார்.

பழக்கம் அம்மாவை விடவில்லை. “கஷ்டம்லாம் ஒண்ணும் இல்லமா. நல்லா தான் கீறா.”

“நல்லா கீறவங்கோ இங்க இன்னாத்துக்கு வந்து குந்திகினு கீறீங்கோ? மாப்ள பாக்கவா?”

அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு முகம் சிறுத்துப்போனது.

“நாங்க விசுவாசிங்கமா. முடியாதுன்னு வாயால சொல்லக் கூடாது.”

“நானும்தான் முருகன நம்புறேன். அவன் பாத்துக்குவான், அது வேற” என்றார் அந்த அம்மா, மகனின் வாயோரத்தைத் துடைத்தபடி. “உள்ளார டாக்டர் கேட்டா, சோறு ஊட்டணும், துணி மாத்தணும், அல்லாம் நாந்தான்னு சொல்லுவேன். சாமிக்குத் தெரியும்மா. டாக்டருக்கு எப்டித் தெரியும்?”

அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். போகும்போது அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடி உதடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றே நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது. பெண் டாக்டர். “நடப்பாங்களாமா?” என்று கேட்டார்.

“கர்த்தர்...” என்று தொடங்கிய அம்மா நிறுத்தினாள். அக்காவின் கால்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்லிங்க” என்றாள் அம்மா. “எம் பொண்ணு நடக்கமாட்டா.”

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. நாலு அடி வைத்தால் இரண்டு நாள் படுக்கை. பாத்ரூமுக்குத் தூக்கிப் போவது. குளிக்கவைக்கும்போது வழுக்கி இரண்டு பேரும் விழுந்தது. இறுக்கம் பிடித்தால் கத்தாமல் இருக்கத் துணியைக் கடித்துக்கொள்வது. போன தடவை நடக்கவைத்துக் கூட்டி வந்தது. எனக்கே தெரியாதவை பல. உபவாச ஜெபத்தில்கூட அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லுமா, சொல்லு” என்றாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அக்காவைப் படுக்கவைத்து முட்டியை மடக்கி, பாதத்தை வளைத்து, பொறுமையாகப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள். “அவரு கோச்சிக்குவாராடி?” என்று என்னைக் கேட்டாள். கர்த்தரைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“உண்மையச் சொன்னதுக்கா? மாட்டாரும்மா” என்றேன்.

நான் கேட்ட வாயைக் கர்த்தர் கொடுத்தார். வேறு யார் மூலமாகவோ இல்லை, அம்மாவுக்கே கொடுத்தார். இதைவிடப் பெரிய பதில் எனக்கு வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவர் சுகத்துக்காக ஜெபியுங்கள், விடாமல் ஜெபியுங்கள். ஆனால் டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நல்ல உடம்பாகக் காட்ட வேண்டாம். எதைச் செய்ய முடியாது, எதற்கு ஆள் வேண்டும், செய்தால் மறுநாள் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் என்னென்ன உதவி உண்டு என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. கூட வர ஆள் இல்லையென்றால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், லீவு போட்டு வருகிறேன்.

இன்றைய நிலைமை இது. அக்காவுக்கு அட்டை வந்துவிட்டது. சதவீதம் நாற்பதைத் தாண்டி நிற்கிறது. விண்ணப்பித்துக் காத்திருந்து, ஸ்கூட்டரும் வந்தது. உரிமம் எடுத்தாள். திங்கள் முதல் சனிவரை தானே பொதட்டூர்பேட்டைக்குப் போய் வருகிறாள். ஒரு முறை வண்டியை வாய்க்காலில் இறக்கிவிட்டாள், முழங்கையில் காயம், ஆறிவிட்டது. நைனா எழுந்து நடமாடுகிறார், பாரம் தூக்குவதில்லை. அக்கா நடக்கவில்லை. அம்மா இன்னும் அவள் கால்களுக்காக ஜெபிக்கிறாள். யாராவது கேட்டால், “நடக்கமாட்டாமா, வேலைக்குப் போயிருக்கா” என்று சொல்கிறாள்.