பாரிவேட்டைக்குப் பூப் போட்ட அன்று

எண்பதுகளின் கடைசியில், பந்தல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் காட்டில் இனி வேட்டை கூடாது, மான் மயில் பார்க்க வருகிறவர்கள் மட்டும் நுழையலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. காவலுக்கு என் வீட்டுக்காரரையே வேலைக்கு வைத்தார்கள். வருஷா வருஷம் சாமிக்காகப் பாரிவேட்டை போகும் ஊர் சும்மா இருக்குமா? இரண்டு பூப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் வேட்டை இல்லை, சிவப்பு வந்தால் உண்டு.

பூசாரி என் கூடப்பிறந்த அண்ணன். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. காட்டு வழியில் என் வீட்டுக்காரர் தனியாகக் காவலுக்கு நிற்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

வேல்கம்பும் நாய்களுமாக ஊரே கிளம்பியது. பின்னாலேயே ஓடினேன். காட்டு வழியை மறித்து, ஒற்றை ஆளாக என் வீட்டுக்காரர் நின்றார்.

"வழிய விடுங்க மாப்ள," என்றார் அண்ணன்.

"என்னையக் குத்திட்டுப் போங்க மச்சான்."

"அந்தாளுகிட்ட என்னப்பா பேச்சு? குத்தித் தள்ளிட்டு வாங்க!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அண்ணன் வேல்கம்பை ஓங்கினார். குத்தியே விடுவார் என்று நினைத்தேன். அவரோ ஓங்கியதைத் தரையில் குத்தி நிறுத்தினார்.

"காட்டுக்குப் போகத்தான் சாமி உத்தரவு குடுத்துச்சு. கொல்லச் சொல்லல. ஒரு முயலக் காட்டுங்க மாப்ள, பாத்துட்டு வாரோம்."

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வேல்கம்பைப் போட்டுவிட்டு, நாய்களை இழுத்துப் பிடித்தபடி, வழிவிட்ட என் வீட்டுக்காரர் பின்னால் நடந்தார்கள். புதரிலிருந்து முயல் பாய்ந்ததும், "அந்தா போகுது!" என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள்.

இப்போது அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் குடும்பத்தோடு வந்து மான் மயில் பார்க்கிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வரும்போது மட்டும், அன்றைக்குக் கூடப்பிறந்தவர் கையை நம்பாமல் போனேனே என்று மனசு கூசும். சோற்றை ஒரு கரண்டி கூடுதலாக வைப்பேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது.