இன்றைய வாசகர்: ஒருவர்

வீட்டில் பேச்சு எடுபடாதவர்கள்தான் வலைப்பூ எழுத வருகிறார்கள் என்பது என் கட்சி. என் ஆபீஸில் ஒருவர் தன் பூனைக்கு வயிற்றுப்போக்கு வந்த கதையை நான்கு பாகமாக எழுதினார். பூனையாவது பிழைத்துக்கொண்டது.

என் அக்கா புருஷன் அந்த ரகமில்லை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் ஆட்கள் குய்யோ முறையோ என்று கத்த, மேலே மோட்டார் அறையில் வாயே திறக்காமல் வேலை பார்ப்பார். அவர் எழுதியது மகளுக்காக. நாலு வருஷம் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போனவள், அப்பா என்றால் போனை எடுப்பதில்லை. வலைப்பூவின் லிங்க்கை அவளுக்கு அனுப்பிவிட்டு தினமும் எழுதினார். அவரும் நானும் பார்ப்பது கணக்கில் சேராதபடி நான்தான் செட் பண்ணிக் கொடுத்தேன். கீழே தினமும் ஒரே எண்: 'இன்றைய வாசகர்: 1'.

"பாத்தியா மாப்ள, படிச்சிட்டா!"

"எம் பொண்ணாச்சே, படிக்காம இருப்பாளா?" என்பாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி.

மகளைச் சிரிக்க வைக்க அக்காவைத்தான் பிடித்துக்கொண்டார் மனிதர். அம்மா காபியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறாள். அம்மாவின் குறட்டைக்கு முன் லிஃப்ட் மோட்டார் பிச்சை வாங்க வேண்டும். பிறகு ஒருநாள், அம்மா என்ன கோபமோ, தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் ஊமை, வலைப்பூவில் வாய் காதுவரை.

போன மாதம் அக்கா சமையலறையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அத்தான் அழக்கூட இல்லை, நேரே போய் எழுதினார்: 'அம்மா போயிட்டா. வாம்மா.'

எண் பூஜ்யத்தில் நின்றது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை, நானே அவளுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ஓடி வந்து அம்மா மேல் விழுந்து அழுதாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தான் அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, தினமும் படிச்சே, நேத்து மட்டும் ஏன் படிக்கல?"

"எதைப்பா?"

"நான் அனுப்பினேனே, லிங்க்."

"அதை நான் தொறந்ததே இல்லப்பா."

அக்காவின் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பக்கம்தான் திறந்திருந்தது, சர்க்கரை, குறட்டை எல்லாம் அதில் இருந்தன. போனை அவர் கையில் கொடுத்தேன்.

வெகு நேரம் அதையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதின மறுநாள்லேர்ந்து காபி சரியாத்தான் இருந்துச்சு," என்றார். பிறகு கூடத்தில் கிடந்த தலையணையைப் பார்த்தார். "அப்ப அவ கோவத்துல போய்ப் படுக்கலையா மாப்ள?"

வாயைத் திறந்தால் அவரை அடித்துவிடுவேன் போலிருந்தது.