எண்களை மாற்றிக் கேட்டார்கள்

மொட்டைமாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தபடி என் அண்ணன் மகள் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டிருப்பாள். "கூம்பின் ஆரம் ஏழு, உயரம் இருபத்துநாலு, எனவே சாயுயரம் இருபத்தஞ்சு" என்று தொடங்கினால், வளைபரப்பு ஐந்நூற்று ஐம்பது சதுர சென்டிமீட்டர் என்று முடிக்கும்வரை ஒரே மூச்சு. கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு கணக்கு, திரும்பி வரும்போது அடுத்த கணக்கு. கீழே போகிறவர்கள் நின்று கேட்டால், என்ன அக்கறையாகப் படிக்கிற பெண் என்றுதான் நினைப்பார்கள். நடுவில் நிறுத்தி, ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்று கேட்டால் அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை எண்ணிவிட்டுத்தான் சொல்வாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை அப்படி நடக்கவிட்டவள் நான்தான்.

அப்போது நான் தில்லைநகரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தேன். அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை. அண்ணி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அவர்களுக்கு ஒரே மகள். ஒருமுறை காதில் விழுந்ததை அவள் மறக்க மாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று அதே குரலில் சொல்லிக்காட்டுவாள். கணக்கில் மட்டும் எட்டு மார்க், பதினொரு மார்க். கணக்கு டீச்சர் வீட்டிலேயே இப்படியா என்று தெருவில் யாரோ கேட்டதாக அண்ணி வந்து சொன்ன நாளில்தான் நான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலில் உறைத்தது என் மானம். அவளுடைய கஷ்டம் பிறகுதான் கண்ணில் பட்டது.

ஆனாலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. அண்ணியின் தையல் டப்பாவிலிருந்து பட்டன்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். பத்துப் பத்தாகச் சேர்ப்பது, பிரிப்பது, பாதியாக்குவது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இரண்டாம் வகுப்புப் பாடம். அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மாலையில், இருபத்துநான்கு பட்டன்களை ஆறு ஆறாகக் கூட்டி வைத்துவிட்டு, "அத்தை, இது எப்படி வெச்சாலும் நாலு கும்பல்தான் வருது" என்றாள். இன்னொரு முறை கலைத்து அடுக்கினாள். அப்போதும் நாலு. இருபது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு எண் ஒருவருக்கு முதன்முதலாகப் புரிவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளுடைய பள்ளியிலிருந்து அண்ணனை அழைத்தார்கள். இப்படியே போனால் பத்தாம் வகுப்புக்கு இங்கே வைத்துக்கொள்ள முடியாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று மாலையே பட்டன் டப்பாவை மூடினேன். புத்தகத்தில் வரக்கூடிய கணக்குகளாகப் பார்த்து நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். காதால் கேட்டதை மறக்காத பெண்ணாயிற்றே. நான் வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள், பிறகு எழுதுவாள். ஒவ்வொரு கணக்கும் அவளுக்கு ஒரு பாட்டு. ஆண்டுப் பரீட்சையில் புத்தகக் கணக்குகளையே கேட்டிருந்தார்கள், அறுபத்திரண்டு எடுத்தாள். அண்ணன் அலுவலகத்துக்கே மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நானும் அந்தக் கதையைச் சொன்னேன், பாதியை மட்டும்.

அந்த விடுமுறையில் அவள் ஒருநாள், "மறுபடியும் பட்டன் வெச்சுப் பண்ணலாமா அத்தை?" என்று கேட்டாள். பரீட்சை முடியட்டும் என்றேன். பத்தாம் வகுப்பில் பரீட்சை எங்கே முடிகிறது? ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும்.

அந்த ஜூனில்தான் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். எண்களை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாத மூளை உண்டு, அது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை என்று அங்கே பேசியவர் சொன்னார். வரிக்கு வரி அவள்தான். வீட்டில் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கன்டோன்மென்ட்டில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு, அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: குறைபாடு இருப்பது உறுதி, சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், பெற்றோர் கையெழுத்து மட்டும் வேண்டும். வரும் வழியில் டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் எழுதித் தந்த தாளை அண்ணனிடம் கொடுத்தேன். படித்து முடித்து மடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். "ஏம்மா, முடியாத பொண்ணுன்னா அறுபத்திரண்டு எப்படி எடுத்தா? நீதானே சொல்லிக்கொடுத்தே?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்கு வரன் பார்க்க வர்றவங்ககிட்ட இதைக் காட்டவா?" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அந்த மார்க் பொய், அவளுக்கு ஒரு கணக்கும் தெரியாது, கிளிக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்குப் பயந்து என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமில்லை. அந்த மார்க் என்னுடையது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மறுநாளிலிருந்து நாற்பது கணக்கை எண்பதாக்கினேன்.

பொதுத்தேர்வு அன்று வாசலில் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். கேள்வித்தாளில் வரிசையாக டிக் போட்டிருந்தாள். "எல்லாம் வந்துச்சு அத்தை, கூம்பு கூட." வாங்கிப் பார்த்தேன். கூம்பு இருந்தது. ஆரம் ஐந்து, உயரம் பன்னிரண்டு. எண்களை மாற்றிக் கேட்டிருந்தார்கள்.

"நீ என்னம்மா எழுதினே?"

"ஆரம் ஏழு, உயரம் இருபத்துநாலு" என்று தொடங்கி, நடுரோட்டில் நின்று, ஒரு பிழையில்லாமல் ஐந்நூற்று ஐம்பது வரைக்கும் சொன்னாள்.

இருபத்தெட்டு மார்க். வேண்டுமென்றே படிக்காமல் எல்லோரையும் ஏமாற்றிவிட்டாள் என்று அண்ணன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அத்தை அவ்வளவு பாடுபட்டாளே, நன்றி கெட்ட கழுதை என்று அண்ணி அழுதாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். துணைத்தேர்வு இரண்டு முறை எழுதினாள், இரண்டிலும் தேறவில்லை. பத்தொன்பது வயதில் மணப்பாறையில் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது பயிற்சி முகாம்களில் நானே பேசுகிறேன். குழந்தையைத் திட்டாதீர்கள், கவனித்துப் பாருங்கள் என்பேன். கைதட்டுவார்கள். இந்தக் கதையை அங்கே சொன்னதில்லை.

போன மாதம் அவள் கணவனோடும் ஆறு வயது மகளோடும் வந்திருந்தாள். கணவன் வாசலில் வண்டியோடு நின்றுகொண்டான். பிள்ளைக்கு எண்ணே வரவில்லை என்று பள்ளியில் சொன்னார்களாம். எங்காவது காட்டுங்கள் என்றார்களாம். "அன்னைக்கு என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களே. அவங்க நெஜமா என்ன சொன்னாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டபடி குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"நான் மக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். குரலில் அழுகை இல்லை.

குழந்தையை வாரம் ஒருநாள் கொண்டுவந்து விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாங்க அத்தை. அட்ரஸ் மட்டும் எழுதிக் கொடுங்க." டாக்டர் புத்தூருக்கு மாறியிருந்தார். போன் செய்து கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு எண்ணை அவளால் படிக்க முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவள் வாசலுக்குப் போய்க் கணவனிடம் சீட்டை நீட்டி, "இது என்ன நம்பர்னு படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.