அப்பாவின் அறையில் லிஃப்ட்

அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவருடைய பென்ஷன் விஷயமாக இன்று பல்கலைக்கழகத்தின் பழைய நிர்வாகக் கட்டடத்துக்குப் போனேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், இப்போது புதுப்பிக்கிறார்கள்.

மாடியில் மூலை அறையில்தான் அப்பா வேலை பார்த்தார். முழங்கால் வலியோடு தினமும் படியேறுவார். லிஃப்ட் கேட்டால், "பழைய பில்டிங், இடிக்க முடியாதுங்க" என்பார்களாம்.

மேலே போய்ப் பார்த்தால், அந்த அறைக்குத் தரையே இல்லை. கீழ்த்தளம் வரை வெறும் பள்ளம். ஜன்னல் மட்டும் மிச்சம். அதில் மலை தெரிந்தது.

"கிட்ட போவாதீங்க" என்றார் மேஸ்திரி.

"இங்க என்ன வருது?" என்று கேட்டேன்.

"லிஃப்ட்டுங்க. வயசானவங்க படியேற கஷ்டப்படறாங்கல்ல."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும் யாராவது ஏறிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

எனக்குப் படியே போதும்.