லெட்சுமி அக்கா பொறுத்திருந்த ஒரே தடவை

செய்தியை அக்காவின் தம்பி கோபால்தான் தொலைபேசியில் சொன்னான். "அக்கா போயிட்டாங்க. காலையில எழுந்திரிக்கல." நான் நம்பவில்லை. தன் அக்கா வீட்டுச் சாவுச் செய்தியை முன்பே ஒரு தடவை தப்பாகப் பரப்பியவன் அவன். "நல்லாப் பார்த்தியாடா?" என்று அதட்டினேன். அவன் அழுதான். அப்புறம்தான் நம்பினேன்.

லெட்சுமி அக்காவும் நானும் குருபோங் ஊரில் ஒரே தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். பொறுமை என்பது அக்காவிடம் மருந்துக்கும் கிடையாது. பஸ் நிற்பதற்குள் இறங்குவார். பால் பொங்குவதற்குள் தேயிலைத் தூளைக் கொட்டுவார். "நின்னுக்கிட்டே இருந்தா காலு மரத்துப் போயிடும் லா, வாடி!" என்று அவர் இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை எத்தனை நாள் வலித்திருக்கிறது!

அவருடைய கணவர் முனியாண்டி அண்ணன் ஒருநாள் பாசாரில் மீன் வாங்கும்போது சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் நெஞ்சை விடாமல் அமுக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மின்சாரம் வைத்துத் துடிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கண் மட்டும் திறக்கவில்லை.

கோபால் குதித்தான். "இப்பவே கோலாலம்பூருக்குக் கொண்டு போவோம்! ரத்தக் குழாய்ல டியூப் விட்டுப் படம் எடுத்து, அடைப்பு இருந்தா பலூன் வச்சுத் திறந்துடுவாங்களாம்." வண்டி பிடிக்க வீட்டுக்கு ஓடினான்.

மலாய்க்கார டாக்டரம்மா அக்காவை உட்காரவைத்துப் பேசினார். பெரிய குழாய் முழுசாக அடைபட்ட அடையாளம் இதயத் துடிப்புப் படத்தில் இருந்தால் இப்போதே அனுப்பிவிடுவாராம். அது இல்லை. இந்த நிலையில் அவ்வளவு தூரப் பயணமே ஆபத்து. முதலில் அவர் விழிக்கட்டும், பிறகு குழாய்களைப் பார்க்கலாம். "இதுதான் சரி என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது," என்றும் சொன்னார். கடைசியில் "துங்கு" என்றார். மலாயில், பொறுங்கள் என்று.

அக்கா அண்ணனின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். "இங்கேயே இருக்கட்டும்," என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "தப்பாப் போச்சுன்னா புருஷனைக் கொன்னவள்னு என்னைத்தான் சொல்லுவாங்க. சொல்லட்டும்," என்றார்.

பிறகு பொதுத் தொலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டு, "வண்டி வேணாம்டா. துங்குன்னுட்டாங்க," என்றார். அந்த இரைச்சலில் கோபால் காதில் விழுந்தது "தூங்கிட்டாங்க." ஒரேயடியாகத் தூங்கிவிட்டார் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சேலை மாற்ற வீட்டுக்குப் போனால், வாசலில் பந்தல்! மேளக்காரர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "யாருடா செத்தது?" என்று அக்கா கத்திய கத்தலில் வந்திருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். கோபால் பந்தக்காலை அவிழ்க்கப் போனான். "விடு! அவரு வர்றப்ப வெயிலா இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திரிக்கவே இல்லை. ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொன்று பேசினார்கள். அக்கா கையில் சேலை முந்தானை நூல் நூலாகப் பிரிந்தது. எனக்கே பயம்தான், டாக்டரம்மா சொன்னது தப்பாகிவிட்டால் என்று. நான்காம் நாள் அண்ணன் கண் திறந்து, "மீன் எங்க?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

பிறகுதான் கோலாலம்பூரில் படம் எடுத்தார்கள். சுருங்கியிருந்த ஒரு குழாயைப் பலூன் வைத்துத் திறந்தார்கள். வீடு திரும்பிய அண்ணன் தன் சாவுக்குப் போட்ட பந்தலிலேயே உட்கார்ந்து கோப்பி குடித்தார்.

பஸ்ஸில் என்னை இழுத்த அக்காவை எல்லாருக்கும் தெரியும். கால் ஆட, எழுந்து ஓடாமல் அந்த நாற்காலியில் இருந்தாரே, அந்த அக்காவை நான் வைத்துக்கொள்கிறேன். கூடவே அந்த மலாய்ச் சொல்லையும்.

நேற்று வாசலில் மறுபடியும் பந்தல். "வெயில் ஏறுது, தூக்கிடலாம்," என்றான் கோபால். அக்காவின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அண்ணன் தலை நிமிரவில்லை.

"துங்குடா," என்றார். "எனக்காக உட்கார்ந்தவ. கொஞ்ச நேரம் நான் உட்கார்ந்துக்கறேன்."