ஒரு கப்புக்கு இருநூற்று நாற்பது கிராம்

எஃப்ராயினுக்குத் தன் அக்கா நெரெய்தா மேல் பதினோரு வருஷக் கோபம். மயாகுவெஸ் ஊர் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. தேங்காய்ப்பாலில் ரம் சேர்த்து அவன் கலக்கிய கொக்கீத்தோவை ஒரு வாய் குடித்தாள். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"இருமல் மருந்துகூட இவ்வளவு இனிக்காதுடா!"

"அம்மா சொன்ன கப்புக் கணக்குதான்க்கா."

"கப்பு ஆளுக்கு ஆள் மாறும். கிராம் மாறாது."

மருந்துக்கடைப் பின்னறையில் முப்பத்தோரு வருஷம் பொடி நிறுத்தவள். வீட்டில் காப்பித்தூளும் தராசில், பூனைக்கு வைக்கும் மீனும் தராசில். அடுத்த கிறிஸ்துமஸிலிருந்து கொக்கீத்தோவும் தராசில் ஏறியது. ஜாடியைத் தராசில் வைத்ததும், முள்ளங்கி விற்பவளைப் போல முகத்தைக் கடுமையாக்கிக்கொள்வாள். பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்கித் தேங்காய்ப்பால். மறுபடி பூஜ்யம், கன்டென்ஸ்டு மில்க். மறுபடி பூஜ்யம், ரம். ரம் ஒரு சொட்டு கூடினால் சொட்டுக்குழாயால் உறிஞ்சித் தன் வாயில் விட்டுக்கொள்வாள். வீணாக்க மாட்டாள்.

"திகட்டவே இல்ல, ஆனா கிர்ருனு ஏறுது! அளவுன்னா இது அளவு," என்பான் சித்தப்பா மகன் வில்பெர்த்தோ, வருஷம் தவறாமல். எஃப்ராயின் கொண்டுபோகும் பாட்டில் வருஷம் தவறாமல் நிறைகுடமாகத் திரும்பி வரும்.

இந்த டிசம்பரில் நெரெய்தாவுக்கு இதயம் பலவீனமாகி, நிற்க முடியவில்லை. கிராம் எழுதிய தாளை வேண்டாவெறுப்பாகத் தம்பியிடம் நீட்டினாள். அவனா சும்மா இருப்பவன்? அம்மாவின் கப்பில் கன்டென்ஸ்டு மில்க்கை ஊற்றித் தராசில் வைத்தான். முந்நூறைத் தாண்டியது. தாளில் இருநூற்று நாற்பது. ரம்மை நிறுத்தான். இருநூற்று இருபத்தைந்தைக்கூடச் சரியாகத் தொடவில்லை. தாளில் அதற்கும் இருநூற்று நாற்பது. ஒரு கப் தண்ணீரின் எடையை எல்லாவற்றுக்கும் எழுதிவைத்திருக்கிறாள், மகராசி! இனிப்பு குறைந்ததும் போதை கூடியதும் அதனால்தான்.

தராசோடு அவள் கட்டிலுக்குப் போனான்.

"அக்கா, பத்து வருஷமா தப்பா போட்டிருக்க."

அவள் நம்பவில்லை. தானே இரண்டு முறை நிறுத்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் பார்த்தாள்.

கூடத்திலிருந்து வில்பெர்த்தோ கத்தினான்: "ஜாடி வருமா, இல்ல நாங்க தேங்காயை உரிக்கணுமா?"

"போய் எல்லார்கிட்டயும் சொல்லப்போறியா?" என்றாள்.

"சொன்னா என்ன? என் கொக்கீத்தோதான் சரின்னு தெரியட்டுமே."

"சரிதான். அதை எவன் குடிச்சான்?"

எஃப்ராயின் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். புது வருஷம் பிறக்கும்முன் அவள் போய்ச் சேர்ந்தாள். தராசோடு போன அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதுதான் கடைசி:

"இனி வருஷா வருஷம் நீயே கலக்குடா. தாள்ல உள்ளபடியே நிறுத்துப் போடு. சரியா போட்டு என் பேரைக் கெடுத்துடாதே."