அப்பா எனக்கு எழுந்து நின்ற காலை

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வெளியே வந்தேன். கஞ்சி போட்ட சேலை, மூக்குக்கண்ணாடி, கைப்பை. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "போயிட்டு வாங்கம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

கேலி செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதல் அறிகுறி அதுதான்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலிக்காகச் சங்கம் சேர்ந்து, மிராசுதார் தெருவில் தோளில் துண்டோடு நடந்தவர்களில் ஒருவர். அதற்காக அடிபட்டவர். பிறகு அரசு கொடுத்த காலனி வீட்டில் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய், ஆசிரியையும் ஆனவள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். இப்போது அவர் கண்ணுக்கு நான் அந்த மிராசுதார் வீட்டுப் பெண்.

தஞ்சாவூர் மருத்துவர், டிமென்ஷியா (மூளை சிறிது சிறிதாகத் தேய்ந்து நினைவு குலையும் நோய்) என்றார். குணமாகாது என்றார்.

"புதுசு முதல்ல போகும். பழசு ரொம்ப நாள் நிக்கும். திருத்தாதீங்க. அவர் இருக்கிற காலத்துக்கு நீங்க போங்க."

நான் போக மறுத்தேன். உங்கள் மகள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நடுங்கினார்.

"எனக்கு ஒருநாளு இப்புடி எந்திரிச்சு நின்னுருப்பாரா மனுசன்?" என்று அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது.

சித்திரை வெயிலில் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அம்மா கொடுத்தாலும் வாங்கவில்லை. உதடு வெடித்தது. சிறுநீர் குறைந்தது. நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றுவது) உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். சொம்பை நீட்டிக் கெஞ்சினேன். அவர் என் பாதத்தைப் பார்த்துப் பேசினார்.

"உத்தரவு இல்லாம எப்புடிங்க குடிக்கிறது?"

சொம்பை நீட்டியபடியே நிமிர்ந்து நின்றேன்.

"குடிடா" என்றேன்.

குடித்தார். சொம்பு காலியாகும்வரை.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் காலத்துக்குப் போவது அவ்வளவு எளிதாக இருக்கும் என்று என்னை யாரும் எச்சரிக்கவில்லை. அந்த அதட்டலை நான் யாரிடமும் கற்கவில்லை. அது தொண்டையில் தயாராக இருந்தது.

அப்பா இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு காலத்துக்குத் தினமும் போய்த் திரும்புகிறேன். வகுப்பில் பேசத் தொடங்கும் முன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எந்தக் குரல் வரப்போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை.